ஐந்து கேள்விகளுக்கும் ஆம்

ஐயா,

நீ மதுரையில் ரயிலேறி இன்றோடு பதினோரு நாள். உன் கடிதம் நேற்று வந்தது. டெல்லியில் அறை கிடைத்துவிட்டது, ஆபீஸுக்கு நடந்தே போய்விடலாம், சப்பாத்தி பழகிவிட்டது என்று எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில், "நான் கெளம்புன அன்னைக்கு நீ ஏம்மா ஒரு மாதிரியா இருந்த?" என்று கேட்டிருக்கிறாய். நாலு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் இன்லேண்ட் லெட்டர் வாங்கிவந்தேன். அதில் அடங்காது என்று தெரிந்ததும் உன் பழைய காலேஜ் நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுத்தவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தே பழகிய விரல்கள் இவை. சொந்தமாக ஒரு பக்கம் எழுதுவதற்குள் வலி எடுக்கிறது. நீ பொறுமையாகப் படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

அன்று காலை அடுப்படியில் நின்றுகொண்டே தோசை தின்றபடி உன் வேலையைப் பற்றிச் சொன்னாய். வெளிநாடுகளோடு அரசாங்கம் போடுகிற ஒப்பந்தங்களைக் கவனிக்கிற பிரிவு. காற்று, கடல், காடு, கழிவு பற்றியவை எல்லாம் அங்கேதான் வரும். எதிலிருந்து விலகிக்கொள்ளலாம், எதைப் பெயருக்கு வைத்துக்கொண்டு நடைமுறையில் விட்டுவிடலாம் என்று சட்டப்படி ஒரு குறிப்பு தயாரிப்பதுதான் உனக்குக் கொடுத்திருக்கும் முதல் வேலை என்றாய். "எல்லா நாடும் மெல்ல மெல்லக் கழண்டுக்கிருதும்மா. பெரிய நாடே போட்ட கையெழுத்த மதிக்கலங்கிறப்ப நாம மட்டும் உள்ள ஒக்காந்து என்ன செய்ய? நம்ம நாட்டு நலனத்தான பாக்கணும்?" என்று கேட்டாய். உன் முகத்தில் அவ்வளவு உற்சாகம். நான் சட்னி எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். பிறகு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் பேசவில்லை. பிள்ளையைப் பிரிகிற கவலை என்று நீ நினைத்திருப்பாய்.

நீ சொன்னது மொத்தமும் தப்பு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தாங்கள் வேண்டிய மட்டும் எரித்துப் புகைத்துவிட்டு இப்போது நம்மைப் பார்த்து எரிக்காதே என்கிறார்கள் என்றாய். அதில் நியாயம் இருக்கிறது. உன் அளவுக்கு நான் படித்தவளும் இல்லை. ஆனால் ஐயா, நீ ஒப்பந்தம் என்று சொல்கிற அந்தக் காகிதங்களில் ஒன்று ஒருமுறை இந்த அருப்புக்கோட்டை வரைக்கும் வந்திருக்கிறது. கடல் தாண்டி வந்து நம் வீட்டு மனிதன் ஒருவனைப் பற்றி விசாரித்தது. அதற்குப் பதில் அடித்தவள் நான். இதை உன்னிடம் மறைத்தே வளர்த்துவிட்டேன்.

உன் அப்பா இறந்தபோது உனக்கு மூன்று வயது. அவர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த அரசு அலுவலகத்திலேயே கருணை அடிப்படையில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆங்கிலத் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். அதுதான் நம் இருவரையும் காப்பாற்றியது. அந்த வேலை போனால் நமக்கு ஒன்றுமில்லை என்ற பயம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. பின்னால் நான் செய்தவற்றுக்கெல்லாம் அந்தப் பயத்தைத்தான் காரணமாகச் சொல்லிக்கொண்டேன்.

நம்மைத் தாங்கியவர் உன் சித்தப்பா செல்வராசு. ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் திருச்சுழி ரோட்டில் சைக்கிளை மிதித்து வருவார். கேரியரில் கம்போ, நிலக்கடலையோ, ஒரு கட்டு விறகோ இருக்கும். "மதினி, இவன டவுனுப் புள்ளயா வளத்துராதீக, வெயில் பழகட்டும்" என்று சொல்லி உன்னை முன்பாரில் துண்டு சுற்றி உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போவார். உனக்கு எட்டு வயதில் டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் லீவு கேட்கப் பயந்து வேலைக்குப் போனேன். பகல் முழுக்க உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது அவர்தான். அந்த நேரத்தில் அவர் காட்டில் பருத்தி வெடித்து நின்றது. எடுக்க ஆளில்லாமல் பாதிப் பஞ்சு மண்ணில் விழுந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் என்னிடம் சொன்னதில்லை. பவுனு சொல்லித்தான் தெரியும். பவுனு உன் சித்தி.

எண்பதுகளின் கடைசியில் மழை ஏமாற்றியது உனக்கும் ஞாபகம் இருக்கும். விதைத்தது முளைக்கவில்லை, முளைத்தது காய்க்கவில்லை என்கிற மாதிரி ஒரு வருஷமல்ல, அடுத்தடுத்துப் போனது. ஊருக்குத் தெற்கே இருந்த பருத்தி அரவை மில் மூடிக் கிடந்தது. அந்த ஷெட்டை வெளியூர்க் கம்பெனி ஒன்று எடுத்து, தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து லோடு லோடாகப் பழைய பேட்டரிகளைக் கொண்டுவந்து இறக்கியது. வெளிநாட்டுக் கார், லாரிகளில் ஓடித் தீர்ந்த பேட்டரிகள். சம்மட்டியால் உடைத்து, ஆசிட்டை ஓடையில் கொட்டிவிட்டு, உள்ளே இருக்கும் தகடுகளைக் கரி போட்டு உருக்கி ஈயக்கட்டியாக வார்ப்பது அங்கே வேலை. உடைக்கப் பெண்கள், உருக்க ஆண்கள். நீ அப்போது மதுரையில் ஹாஸ்டலில் ப்ளஸ் ஒன் சேர்ந்திருந்தாய்.

சித்தப்பா என்னிடம் வந்து கேட்டார். "மதினி, பேட்டரிக் கம்பெனியில கூப்புடுறாக. ஒரே பொகையா இருக்கு. போகவா, வேணாமா?" என்றார். எதைச் செய்தாலும் என்னைக் கேட்டுச் செய்கிற மனிதர். நான் ஆபீஸில் இருப்பவள், எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பியவர். நான் சொன்னேன்: "மேகத்தப் பாத்துக்கிட்டே இன்னும் எத்தன வருசம் ஒக்காந்துருப்பீக தம்பி? கம்பெனி வேல. வாராவாரம் கூலி. போங்க." இது நான் செய்த முதல் தப்பு. தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். மற்றதற்கு அதுவும் கிடையாது.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார். "சோறு இனிக்குது மதினி. எதத் தின்னாலும் வாயில ஒரு இனிப்பு. பவுனு கொழம்புல சீனியக் கொட்டிட்டான்னு நேத்துச் சண்ட போட்டேன்" என்றார். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கறுப்புப் பேட்டரிப் பெட்டி ஒன்றை எடுத்துவந்தார். ஊரில் ஆளுக்கு நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்கள். "இதுல என்னமோ எழுதியிருக்கே, என்னன்னு படிங்க" என்றார். அந்த நாட்டு மொழியில் எழுதி, கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்திலும் இருந்தது. 'இதைக் குப்பையில் போடாதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.' நான் தமிழில் சொன்னதும், "கடையிலயா? அதுக்குக் கப்பல்லல்ல போகணும்!" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். ஐயா, நான் சிரித்தேன்.

அந்த ஐப்பசியில் ஒரே ஒரு மழை நன்றாகப் பெய்து ஓடையில் தண்ணீர் போனது. அதைக் குடித்த பவுனுவின் ஆடுகள் கண் தெரியாமல் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு செத்தன. நான் போய்ப் பார்த்தேன். கம்பெனி ஷெட்டையும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். உலையும் இல்லை, சிம்னியும் இல்லை. தரையில் இடுப்பளவு குழி. அதில் கரி மூட்டித் தகடுகளைப் போட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உன் சித்தப்பா நீளக் கம்பியால் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை இறக்கிச் சிரித்தார். பல்லும் ஈறும் சேர்கிற இடத்தில் பேனாவால் கிழித்ததுபோல ஒரு நீலக் கோடு இருந்தது. பொடி போடுவார், அதன் கறை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து அந்தக் கடிதம் வந்தது. வெளிநாட்டிலிருந்து டெல்லிக்கு, டெல்லியிலிருந்து மெட்ராஸுக்கு, அங்கிருந்து மாவட்டத்துக்கு என்று ஒவ்வொரு படியாக இறங்கி, ஒவ்வொரு ஆபீஸின் முத்திரையும் குத்தப்பட்டு, எங்கள் ஆபீஸ் மேஜைக்கு வந்து சேர்ந்தது. எந்த நாடு என்று நான் எழுதப்போவதில்லை. அது இப்போது முக்கியமில்லை. அந்த நாட்டுத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஓர் அம்மாள் எழுதிய கடிதம். ஒரு நாட்டின் நச்சுக் கழிவை இன்னொரு நாட்டில் கொண்டுபோய்க் கொட்டக்கூடாது, அனுப்புகிறவர் கேட்க வேண்டும், வாங்குகிறவர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நாடுகள் எல்லாம் கூடி ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அதன்படி கேட்கிறோம் என்று தொடங்கியிருந்தது. ஐந்து கேள்விகள். அந்த இடத்தில் மூடிய உலை இருக்கிறதா? புகையை வடிகட்டும் சிம்னி இருக்கிறதா? ஆசிட்டை முறைப்படி சுத்தம் செய்கிறீர்களா? வேலை செய்கிறவர்களின் ரத்தத்தைக் குறித்த காலத்தில் சோதிக்கிறீர்களா? இவற்றையெல்லாம் அறிந்துதான் உங்கள் அரசாங்கம் சம்மதம் தெரிவித்திருக்கிறதா?

நாலாவது கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். செல்வராசு என்று ஒருத்தர் இருப்பதே தெரியாத, திருச்சுழி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத ஒருத்தி, அவருடைய ரத்தம் நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறாள். கூடப் பிறந்தவர்களும் கேட்காத கேள்வி. செத்த ஆடுகளைப் பார்க்க வந்த மாட்டு வைத்தியரும், வாராவாரம் சோறு போட்ட நானும் கேட்காத கேள்வி. கடிதத்தின் அடியில் இடது ஓரத்தில் அதைத் தட்டச்சு செய்தவரின் இனிஷியல் சின்ன எழுத்தில் இருந்தது. நானும் அப்படித்தான் போடுவேன்.

எங்கள் அதிகாரியைப் பற்றி உனக்குத் தப்பான எண்ணம் வரக்கூடாது. அவர் யாரிடமும் ஒரு வாழைப்பழம் கூட வாங்காதவர். பெண்களிடம் குரல் உயர்த்திப் பேசமாட்டார். கையில் ஒரு தாளோடு என் மேஜைக்கே வந்தார். "ஏம்மா, பதில் வாசகம் மேலருந்தே வந்துருச்சு. நம்ம லெட்டர்பேடுல அடிச்சு, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். அவ்வளவுதான்" என்றார். பார்த்தேன். ஐந்துக்கும் ஆம் என்று இருந்தது.

"சார், அங்க சிம்னியே இல்ல சார். குழி வெட்டி எரிக்கிறாக. ஆசிட்ட ஓடையிலதான் விடுறாக. என் கொழுந்தன் அங்கதான் வேல பாக்குறாரு" என்றேன். எப்படியோ வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ போய்ப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

"ஆபீஸ் வேலையாப் போய்ப் பாத்தியா?"

"இல்ல சார். ஆடு செத்துச்சுன்னு போனேன்."

"அப்ப அது ஆபீஸுக்குத் தெரியாத விசயம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் புரியவேண்டுமே என்ற கவலையோடு சொன்னார். "இங்க பாரும்மா. சர்க்கார் ஒலகத்துக்கு முன்னால கையெழுத்துப் போட்டுருச்சு. வார சரக்க நிறுத்தவும் அதுக்கு மனசில்ல. ரெண்டுக்கும் நடுவுல யாராவது ஒருத்தர் ஆமான்னு எழுதித்தான ஆகணும்? நான் இல்லைன்னு எழுதுனா என்னைய மாத்திட்டு இன்னொருத்தர வச்சு எழுதுவாக. ஒனக்கும் ஒரு பையன் படிக்கிறான்."

தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் சொருகினேன். நடுவில் கார்பன் வைத்து மொத்தம் ஐந்து தாள். ஆம் என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. ஐந்து முறை அடித்தேன். கார்பன் பிரதியில் கடைசித் தாள் வரைக்கும் எழுத்து தெளிவாக விழவேண்டும் என்பதற்காக அழுத்தி அடிப்பது என் பழக்கம். அன்றும் அப்படியே அடித்தேன். ஒரு பிழை இல்லை. இடது ஓரத்தில் என் இனிஷியலைப் போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தார். ஓமம் கொதிக்கவைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் அவருக்குக் கை விழுந்தது. வலியெல்லாம் இல்லை. ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு கையும் துவண்டு தொங்கியது, தூக்கினால் நிற்கவில்லை. சைக்கிள் பிரேக்கைப் பிடிக்க வரவில்லை. நானும் பவுனுவும் மதுரைக்கு அழைத்துப்போனோம். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர் அவருடைய உதட்டை விலக்கி ஈறைப் பார்த்துவிட்டு, "என்ன வேல பாக்குறாரு?" என்று மட்டும் கேட்டார். சொன்னோம். ஈயம் எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது, சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது, இனி ஒருநாள் கூட அங்கே போகக்கூடாது என்றார். "முன்னாடியே ஒரு தடவ ரத்தம் டெஸ்ட் பண்ணியிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காதே" என்றார். பவுனு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. படித்தவள் ஏதாவது சொல்வாள் என்றுதான் பார்த்தாள். நான் மாத்திரைச் சீட்டைப் படிப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அந்த வாரம் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. யாரும் வாசகம் சொல்லித்தராமல், முன்பு தட்டச்சு படித்த இன்ஸ்டிடியூட்டில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அந்த ஐந்து கேள்விகளுக்கும் உண்மையான பதிலை அடித்தேன். இல்லை, இல்லை, இல்லை, இல்லை, தெரியாது. அதை எடுத்துக்கொண்டுபோய் அதிகாரியின் மேஜையில் வைத்தேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். இதை நீ நம்பவேண்டும்.

அவர் முழுவதும் படித்தார். பிறகு பீரோவைத் திறந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கடிதம் எழுதிய அந்த நாட்டில் அரசாங்கம் மாறிவிட்டதாம். புது அரசாங்கம் அந்த ஒப்பந்தம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டதாம். இனிமேல் இந்த மாதிரி விசாரணை எதுவும் வராது. நம் அரசாங்கமும் உட்கார்ந்து யோசித்து, பழைய பேட்டரி கழிவே அல்ல, தொழிலுக்கான மூலப்பொருள் என்று முடிவுசெய்திருந்தது. கழிவே இல்லை என்றால் கழிவு ஒப்பந்தம் எதற்கு? கீழே ஒரே வரி: இது தொடர்பான கோப்புகளை முடித்துவிடவும்.

"கேட்டவகளே கேள்விய வாபஸ் வாங்கிட்டாகம்மா. ஒம் பதில யாருக்கு அனுப்பச் சொல்ற?" என்றார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. "இதக் கொண்டுபோயி கிழிச்சுப் போட்டுரு. என் கண்ணுல படலன்னு வச்சுக்கிறேன்."

கொண்டுவந்தேன். மறுநாள் காலை வெந்நீர் அடுப்பில் போட்டேன். விறகு ஈரமாக இருந்தது. பற்றவைக்க அந்தத் தாள் உதவியது. நீ சொல்கிற 'விலகிக்கொள்வது' என்பது கீழே வந்து சேரும்போது இப்படித்தான் இருக்கும், ஐயா. மேலே யாரோ இரண்டு பேர் நல்ல ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதியிருப்பார்கள். தங்கள் நாட்டு நலனைத்தான் அவர்களும் நினைத்திருப்பார்கள். எங்களுக்கு அதனால் நடந்தது இவ்வளவுதான்: எங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் கேட்பதை நிறுத்திவிட்டார்.

நீ காலேஜ் லீவில் வந்தபோது சித்தப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கிவந்தாய். அவர் கைநீட்டி வாங்க முடியாமல் அது கீழே விழுந்தது. டம்ளரையும் தவறவிட்டார். அவர் போனபிறகு, "சித்தப்பா தண்ணியடிக்க ஆரம்பிச்சுட்டாராம்மா?" என்று கேட்டாய். நான் இல்லை என்று சொல்லவில்லை. "ஒடம்பு சரியில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். என் தப்பைச் சொல்வதைவிட அவரைக் குடிகாரர் என்று நீ நினைப்பது எனக்கு எளிதாக இருந்தது. அதன்பிறகு நீ அவரிடம் சரியாகப் பேசவில்லை. நீ மெட்ராஸில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது அவர் உடம்பெல்லாம் வீங்கி, மூத்திரம் கட்டி, செத்துப்போனார். நீ ஒரு நாள் வந்துவிட்டுப் பரீட்சை என்று திரும்பினாய். அவர் கடைசியாக உன்னைத்தான் கேட்டார் என்பதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை.

கம்பெனியை யாரும் மூடவில்லை. வேறு எங்கோ இதைவிட வசதியான இடம் கிடைத்து அவர்களாகவே போய்விட்டார்கள். நரிக்குடிக்கு அந்தப் பக்கம் என்று ஒருவர் சொன்னார், வேறு மாவட்டம் என்று இன்னொருவர் சொன்னார். உடைத்த பெட்டிகளும் சாம்பல் மேடும் ஷெட்டுக்குப் பின்னால் அப்படியே கிடக்கின்றன. மழை பெய்தால் ஓடை வழியாகக் கண்மாய்க்குப் போகிறது. அந்தக் கண்மாய் மீனை இன்றும் தின்கிறார்கள்.

உன்னை வழியனுப்பிவிட்டு வந்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் பகலில் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். பவுனு முற்றத்தில் உட்கார்ந்து வெட்டிவந்த கருவேல விறகைக் கட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, தம்பி நல்லபடியா போய்ச் சேந்துருச்சா?" என்று கேட்டு எழுந்தாள். உட்காரச் சொல்லிவிட்டு, கடிதம் வந்ததிலிருந்து தாளை அடுப்பில் போட்டது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவள் கயிற்றைக் கையில் சுற்றியபடியே கேட்டாள்.

"அஞ்சு கேள்வியாக்கா?"

"ஆமா."

"அஞ்சுக்கும் ஆமான்னு அடிச்சீகளா?"

"ஆமா பவுனு."

"ரத்தம் பாத்ததாவும்?"

நான் தலையை மட்டும் அசைத்தேன். வேலை போய்விடும் என்ற பயம், மேலிடத்து உத்தரவு, அந்த நாடு, இந்த நாடு என்று ஏதேதோ சொன்னேன். அவள் விறகுக்கட்டின் முடிச்சை இறுக்கிவிட்டுச் சொன்னாள்: "அதெல்லாம் எனக்கு வெளங்கல. நீங்க அப்படி அடிச்ச வாரம் ஞாயித்துக்கெழம அவுக ஒங்க வீட்டுக்குத்தான வந்தாக? ஒங்க கையால சோறு தின்னாகள்ல? அது வெசம், அங்க போகாதீகன்னு அவுகட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அத எந்த கவருமெண்டு தடுத்துச்சு?"

ஐயா, இத்தனை வருஷமும் என் தப்பு அந்தத் தாளில் அடித்ததுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு எனக்கு ஆயிரம் காரணம் இருந்தது. இதற்கு ஒன்றுகூட இல்லை. ஆம் என்று அடித்தபிறகு, அந்த 'ஆம்' என்பதை நானே கொஞ்சம் நம்பத் தொடங்கியிருக்கிறேன். ஆபீஸுக்குத் தெரியாத விஷயம் என்று அதிகாரி சொன்னதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். தன்னைத் தவிர யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை என்று ஓர் அரசாங்கம் முடிவெடுத்தால், அதன் கீழே இருக்கிற ஒவ்வொருவரும் அதே முடிவைத் தன் அளவில் எடுத்துக்கொள்கிறோம். உலகத்தை ஏமாற்றத்தான் அடிக்கிறோம் என்று இருக்கும். முதலில் ஏமாறுகிறவர் நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

பவுனு எழுந்து விறகுக்கட்டை ஓரமாகச் சாய்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. போய்ட்டு வாங்கம்மா" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட்டவள். ஆபீஸுக்கு மனுக் கொடுக்க வருகிறவர்கள் கூப்பிடுவதுபோல அம்மா என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன் குறிப்பை எப்படி எழுதுவது என்று நான் சொல்லமாட்டேன். வேலையை விடு என்றும் சொல்லமாட்டேன்; அந்த நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்து இதையே எழுதுவான் என்பதை என் அதிகாரி எனக்கு நன்றாகவே சொல்லித்தந்திருக்கிறார். இது உன்னை மாற்றும் என்ற நம்பிக்கையும் எனக்குப் பெரிதாக இல்லை. ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டிருப்பதைத்தான் பேப்பரில் பார்க்கிறேன். ஆனால் யாருக்கும் தெரியாது என்று மட்டும் இனி நீ எழுத முடியாது. உனக்குத் தெரியும். அதற்காகத்தான் இத்தனை தாள்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். அருப்புக்கோட்டையில் இறங்கியதும் வீட்டுக்கு வராதே. பெட்டியோடு அப்படியே திருச்சுழி பஸ் ஏறி முதலில் சித்தி வீட்டுக்குப் போ. கதவைத் தட்டி நீ யார் என்று சொல். எந்த ஆபீஸில் என்ன வேலை பார்க்கிறாய் என்பதையும் மறைக்காமல் சொல். அவள் திறக்காமல் இருக்கலாம். உடனே திரும்பிவிடாதே, வெயிலாக இருந்தாலும் நில். திறந்தால், அவள் கேட்பதற்கெல்லாம் தெரிந்ததைச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். எனக்காகப் பரிந்து மட்டும் பேசிவிடாதே.

அம்மா